புடவைக் கடை வெளிச்சம், சொல்யூஷன் வாசனை, ஜூஹு மணல்: கேள்வி பதில்

பெயின்ட் கம்பெனி ஒன்றின் நிற ஆய்வகத்தில் 31 வருஷம் வேலை பார்த்தேன். கஸ்டமர் கொடுத்த தகடு ஒரு பக்கம், நாங்கள் கலக்கிப் பூசிய தகடு இன்னொரு பக்கம். இரண்டின் நிறமும் ஒட்டுகிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்வதுதான் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் சின்னச் சுத்தியலோடு கடலோரப் பாறைகளுக்குக் கிளம்பிவிடுவேன், அது என் பைத்தியம். நான் டாக்டர் இல்லை, அதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். போன வாரம் மும்பை சயானில் நம் தமிழ் ஆட்கள் கூடியபோது கேட்டவையும், அப்புறம் எழுதி அனுப்பியவையும் இங்கே.

மாட்டுங்காவிலிருந்து ஒரு மாமி: மாம்பழக் கலர் பட்டுக்கு மேட்சா பிளவுஸ் பிட் எடுத்தேன். கடைல அச்சு அசலா ஒட்டித்து. ஆத்து பால்கனில பிரிச்சா, பிட்டு மட்டும் பச்சை ஓடறது. கடைக்காரன் ஏமாத்திட்டானா?

ஏமாற்றியது கடைக்காரர் இல்லை மாமி, அவர் கடை விளக்கு. உங்கள் கண்ணுக்கும் அதில் கொஞ்சம் பங்கு உண்டு.

துணியிலிருந்து திரும்பி வரும் ஒளியில் எத்தனையோ அலைநீளங்கள் கலந்திருக்கும். நம் விழித்திரையில் நிறம் பார்க்கும் கூம்பு செல்களோ மூன்றே வகை. எத்தனை அலைநீளம் வந்தாலும் உள்ளே போனதும் மூன்று எண்ணாகச் சுருங்கிவிடும். அதனால் வேறு வேறு கலவை உள்ள இரண்டு ஒளிகள் ஒரே மூன்று எண்ணைக் கொடுத்துவிடலாம். பட்டுக்கு ஒரு சாயம், பிளவுஸ் துணிக்கு வேறு சாயம். கடை விளக்கில் இரண்டும் ஒரே எண்ணாக விழுந்திருக்கின்றன. வெயிலின் கலவை வேறு என்பதால் அங்கே பிரிந்துவிட்டன. எங்கள் தொழிலில் இதற்கு மெட்டாமெரிசம் என்று பேர்.

எங்கள் ஆய்வகத்தில் இதற்காகவே ஒரு லைட் பாக்ஸ் இருந்தது. ஒரு ஸ்விட்ச் போட்டால் பகல் வெளிச்சம், அடுத்ததற்குக் கடை டியூப் லைட், மூன்றாவதற்குப் பழைய மஞ்சள் குண்டு பல்பு. மூன்றிலும் ஒட்டினால்தான் கையெழுத்துப் போடுவேன். அடுத்த தடவை பிட்டையும் புடவையையும் கடை வாசலுக்குக் கொண்டுவந்து பாருங்கள். இந்தப் புடவை ராத்திரி ரிசப்ஷனுக்கென்றால் மாற்றவே வேண்டாம். ஹால் விளக்கில் ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும், பால்கனி வெயிலில் யார் உங்களைப் பார்க்கப் போகிறார்கள்?

மாஹிம்: கழிமுகத்துப் பக்கம் புது ஃபிளாட்டுக்கு வந்து ஒரு வருஷம் ஆச்சு. வெள்ளிக் குத்துவிளக்கு ஒரே வாரத்தில் கறுக்குது. ஏசி காயிலும் ஓட்டையாகி கேஸ் போயிடுச்சு. மாமியார் திருஷ்டிங்கிறாங்க.

திருஷ்டிக்கு ஒரு வேதியியல் பேர் உண்டு, ஹைட்ரஜன் சல்ஃபைடு. சாக்கடை கலந்த சேற்றில் ஆக்சிஜன் தீர்ந்ததும் சில பாக்டீரியாக்கள் கடல் நீரில் உள்ள சல்ஃபேட்டை எடுத்து இந்த வாயுவாக விடுகின்றன. அழுகின முட்டை வாசனை அதுதான். வெள்ளியில் பட்டால் கறுப்பாக வெள்ளி சல்ஃபைடு படியும். ஏசிக்குள் இருக்கும் செப்புக் குழாயையும் அது விடாது.

விளக்குக்கு வழி இருக்கிறது. பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, அதன் மேல் விளக்கை வைத்து, கொதிநீரும் சமையல் சோடாவும் விடுங்கள். கந்தகத்தை அலுமினியம் இழுத்துக்கொள்ளும், வெள்ளி பழையபடி வெளுக்கும். கல் பதித்த நகையை அதில் போடாதீர்கள்.

இனிமேல் உங்கள் மூக்கை நம்புவதைவிட விளக்கை நம்புங்கள். மூக்கு இந்த வாசனைக்குச் சீக்கிரம் பழகிவிடும். வாயு மிக அதிகமானால், அதாவது காற்றில் 10 லட்சத்துக்கு 100 பங்கு அளவில், மோப்ப நரம்பே மரத்துப்போய் வாசனை நின்றுவிடும். 'இப்ப நாத்தம் இல்லையே' என்று பாதாளச் சாக்கடைக்குள் இறங்கியவர்கள் திரும்பாமல் போவது இதனாலும்தான். உங்கள் வீட்டில் அந்த அளவெல்லாம் இருக்காது. காற்று கடலிலிருந்து வீசும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், கழிமுகத்திலிருந்து வீசும்போது மூடுங்கள்.

தாராவி, பெயர் வேண்டாம் என்றார்: அண்ணாச்சி, தோல் பை பட்டறையில சொல்யூஷன் தடவி ஒட்டுத வேலை, எட்டு வருசமா. இப்ப கொஞ்ச நாளா கருநீலத் தோலையும் கறுப்பையும் மாத்தி எடுத்துடுதேன். மொதலாளி ஏசுதாரு. கால் வெரல்ல எறும்பு ஊருத மாதிரியும் இருக்கு. கண்ணாடி போட்டா சரியாயிருமா?

தம்பி, கண்ணாடிக் கடைக்கு அப்புறம் போகலாம். முதலில் அந்தக் கால் விரல்.

நீங்கள் தடவும் சொல்யூஷனில் ரப்பரைக் கரைத்து வைத்திருக்கும் திரவம்தான் டப்பாவைத் திறந்ததும் ஆவியாகப் பறப்பது. அதில் பெரும்பாலும் டொலுயீன் இருக்கும், ஹெக்சேனும் இருக்கலாம். இரண்டும் செய்யும் வேலை வேறு வேறு.

ஹெக்சேனை ஈரல் 2,5-ஹெக்சேன்டையோன் என்ற பொருளாக மாற்றுகிறது. அது நீளமான நரம்புகளை முனையிலிருந்து கெடுத்துக்கொண்டு வரும். உடம்பிலேயே நீளமான நரம்பு காலுக்குப் போவது, அதனால் முதலில் கால் விரல், அப்புறம் கை விரல். ஜப்பானில் 1960களில் வீட்டிலேயே செருப்பு ஒட்டியவர்களுக்கு இது கூட்டமாக வந்தது, இத்தாலியில் ஷூ தொழிலாளர்களுக்கும் வந்தது. இதில் ஒரு கெட்ட குணம் உண்டு. வேலையை நிறுத்திய பிறகும் சில வாரங்கள், சில மாதங்கள்கூட, மோசமாகிக்கொண்டே போய் அதற்கப்புறம்தான் திரும்பும். அதனால் 'இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம்' என்று தள்ளிப் போடாதீர்கள்.

டொலுயீன், ஸ்டைரீன், டிரை கிளீனிங் கடைகளில் புழங்கும் பெர்குளோரோஎத்திலீன் போன்ற கரைப்பான்கள் வருஷக்கணக்கில் உள்ளே போனால் நிறம் பிரித்தறியும் திறனைக் குறைப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பிறவியில் வரும் நிறக்குறை பெரும்பாலும் சிவப்பு–பச்சைக் குழப்பம், இரண்டு கண்ணிலும் ஒன்றுபோல் இருக்கும். கரைப்பானால் வருவது பெரும்பாலும் நீலம்–மஞ்சள் பக்கம் தொடங்கும், ஒரு கண்ணில் கூடவும் மறு கண்ணில் குறையவும் இருக்கலாம். டிரைவிங் லைசென்சுக்குக் காட்டும் புள்ளிப் படப் புத்தகம் முக்கியமாகச் சிவப்பு–பச்சையைப் பிடிப்பது. 'நான் அதில் பாஸ்' என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

எங்களுக்கு வருஷம் ஒரு தடவை ஃபார்ன்ஸ்வொர்த்–மன்செல் 100 நிறச் சோதனை வைப்பார்கள். பேர்தான் 100, நிறம் பூசிய சின்ன மூடிகள் 85. கலைத்துப் போட்ட மூடிகளை நிற வரிசையில் அடுக்க வேண்டும். தின்னர் அறையில் பல வருஷம் இருந்த என் சீனியர் ஒருவர் நீலத்திலும் நீலப்பச்சையிலும் தடுமாறியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அவர் தனக்குக் கண் தெரியவில்லை என்று ஒரு நாளும் சொன்னதில்லை, ஏனென்றால் அவருக்கு எதுவும் குறைந்த மாதிரியே இல்லை. மூடிகள்தான் காட்டிக்கொடுத்தன. உங்களுக்கு அந்த வேலையைக் கருநீலத் தோல் செய்திருக்கிறது.

சயான் ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டரைப் பாருங்கள். சொல்யூஷன் டப்பாவின் லேபிளை நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். என்ன வேலை, எத்தனை வருஷம் என்று அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். நம் ஆட்கள் 'கால் மரமரங்குது' என்று மட்டும் சொல்லி, சர்க்கரை டெஸ்ட் எடுத்து, நார்மல் என்று வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். சர்க்கரையும் பார்க்க வேண்டியதுதான், ஆனால் அங்கேயே நின்றுவிடக் கூடாது.

அவரே மறுபடி: வேலைய விட்டுட்டு எங்க போக அண்ணாச்சி?

தெரியும் தம்பி. டாக்டர் ஒட்டுகிற வேலையே கூடாது என்றால், முதலாளியிடம் பேசித் தையலுக்கோ வெட்டுக்கோ மாறப் பாருங்கள். அதுவரைக்கும், பட்டறையில் உள்ள மற்றவர்களுக்கும் சேர்த்து இதைச் சொல்கிறேன்.

முதலாவது, படுக்கிற இடம். ராத்திரி அந்தப் பட்டறையிலேயே பாய் விரிக்கிறீர்களா? அப்படியானால் உங்களுக்கு ஷிஃப்ட் 8 மணி நேரம் இல்லை, 24 மணி நேரம். முதலில் அதை மாற்றுங்கள். ஹெக்சேன் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனம், தரையோடு தரையாகத் தேங்கும். தரையில் உட்கார்ந்து ஒட்டுபவர்களுக்கும் தரையில் படுப்பவர்களுக்கும்தான் அதிகம் போய்ச் சேரும். எக்ஸாஸ்ட் ஃபேனை மேலே கூரைக்குப் பக்கத்தில் வைத்துப் பெரிய பிரயோஜனம் இல்லை, கீழே வைக்கச் சொல்லுங்கள். டப்பாவை மூடியே வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி எடுங்கள். கையைத் தின்னரில் கழுவாதீர்கள், அது தோல் வழியாகவும் போகும். துணி மாஸ்க் தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரி உள்ள கேட்ரிட்ஜ் மாஸ்க் வேண்டும், கேட்ரிட்ஜை ஒழுங்காக மாற்றவும் வேண்டும். தண்ணீரில் கரையும் பசையும் உண்டு. காய நேரமாகும் என்று முதலாளி முகம் சுளிப்பார்.

முலுண்ட்: ஸ்பிரிட் குடிச்சா கண் போகும்ங்கிறது பயமுறுத்தலா, நிஜமா?

நிஜம். ஸ்பிரிட்டில் கலந்திருக்கும் மெத்தனால் உடம்பில் ஃபார்மிக் அமிலமாகிறது, அது செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த விடாது. பார்வை நரம்பு அதை முதலில் தாங்காமல் போகும். குடித்து அரை நாள், ஒரு நாள் கழித்துப் பனி மூட்டத்துக்குள் பார்ப்பது போல் வெளுக்கும். அதற்குள் 'நேத்து குடிச்சதுதானே, தெளிஞ்சுட்டேன்' என்று இருந்துவிடுவார்கள். 2015 ஜூனில் மலாடு மால்வணியில் 100 பேருக்கு மேல் இறந்தது இதில்தான். சீக்கிரம் ஆஸ்பத்திரி போனால் விஷமுறிவு மருந்து இருக்கிறது.

சயான் கோலிவாடா, ஏழாம் வகுப்பு: தாத்தா, கன்னியாகுமரியில சிவப்பு, கறுப்பு, மஞ்சள்னு மணல் பாக்கெட் வாங்கினோம். ஜூஹு மணல் மட்டும் ஏன் அழுக்குக் கலர்?

அருமையான கேள்விடா கண்ணா. ஒவ்வொரு நிறமும் ஒரு கனிமம்: சிவப்பு என்றால் கார்னெட், கறுப்பு என்றால் இல்மனைட், மஞ்சள் சாயல் மோனசைட், வெள்ளை குவார்ட்ஸ். பூமிக்குள் வெந்து இறுகிய ரொம்பப் பழைய பாறைகள் அந்தப் பக்கத்து மலைகளில் உண்டு. அவை உடைந்து ஆற்றில் வந்து கடலில் விழும். அங்கே அலை நம் பாட்டி முறத்தில் புடைக்கிற மாதிரி புடைக்கும். லேசானதை இழுத்துக்கொண்டு போய், கனமானதைக் கரையில் வரிவரியாக விட்டுவிடும். பாக்கெட்டில் பச்சையும் ஊதாவும்கூட இருந்தால் கொஞ்சம் தண்ணீரில் போட்டுப் பார். சாயம் இறங்கினால் அம்மாவிடம் சொல்லாதே, காசு கொடுத்தது அவர்தான்.

மும்பைக்கு அடியில் இருப்பது பசால்ட், சுமார் 6.6 கோடி வருஷத்துக்கு முன் எரிமலைக் குழம்பாக ஓடி உறைந்தது. அதில் குவார்ட்ஸ் ஏறக்குறைய இல்லை. வெயிலும் மழையும் பட்டால் மணலாக உதிர்வதைவிடக் களிமண்ணாக மக்கும். அதனால்தான் இங்கே கழிமுகம் எல்லாம் சேறு. ஜூஹு மணலை ஒரு சிட்டிகை எடுத்து லென்சில் பார், நிறையச் சிப்பித் துணுக்கு தெரியும். ஒரு சொட்டு வினிகர் விட்டால் நுரைக்கும். கன்னியாகுமரி கார்னெட் நுரைக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவை அந்தேரி மேற்கில் கில்பர்ட் மலைக்குக் கூட்டிப்போகச் சொல். குழம்பு ஆறி, சுருங்கி, வெடித்துப் பல பக்கத் தூண்களாக நிற்கிறது. உச்சியில் அம்மன் கோவில், சுற்றிலும் கட்டடங்கள். எரிமலை பார்க்க ஹவாய் போக வேண்டாம், லோக்கல் டிரெயின் போதும்.

அந்தேரி: வர்சோவாவில் வீடு பார்க்கிறேன் சார். ஜூலையில் கடற்கரையே இல்லை, ஜனவரியில் மணல் வந்துவிட்டது. புரோக்கர் 'எல்லாம் நேச்சுரல்' என்கிறார்.

பாதி உண்மை. மழைக்காலத்துச் செங்குத்து அலை மணலை உரித்துக் கடலுக்குள் கொஞ்சம் தள்ளி மேடாகப் போட்டுவைக்கும். மழை முடிந்ததும் வரும் மெல்லிய அலை அதைத் திரும்பத் தள்ளிக்கொண்டு வரும். மீதிப் பாதியை நீங்கள்தான் பார்க்க வேண்டும், அதாவது ஒவ்வொரு ஜனவரியும் போன ஜனவரி அளவுக்குத் திரும்புகிறதா என்று. பழைய செயற்கைக்கோள் படங்களை ஒப்பிடலாம். ஆனால் கண் நன்றாக ஏமாறும் இடம் இது. அமாவாசை, பௌர்ணமி ஒட்டி மும்பையில் கடல் மட்டம் 4 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும், சென்னையில் 1 மீட்டர் சுமார்தான். கரைச் சரிவு 50க்கு 1 என்றால் 4 மீட்டர் ஏற்றத்துக்குத் தண்ணீர் 200 மீட்டர் உள்ளே வரும். காலைப் படத்தையும் மாலைப் படத்தையும் வைத்துக் 'கரை போச்சு' என்பார்கள். அதே மாதம், கடல் ஏறி இறங்கும் அதே ஓத நிலை என்று பார்த்து ஒப்பிடுங்கள்.

அக்கம்பக்கத்தில் புதுத் தடுப்புச் சுவர் எழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். மெரினா அவ்வளவு அகலமானது, சென்னைத் துறைமுகச் சுவர் வடக்கே போகும் மணலை மறித்ததால். மறித்த மணல் போகாமல் அரிபட்டது ராயபுரம் பக்கம். ஒருவருக்குக் கடற்கரை கிடைத்தால் இன்னொருவருக்குப் போகும்.

சாந்தாகுருஸ்: மழைக்காலத்தில் ஜூஹுவில் காலில் ஒட்டும் கறுப்பு உருண்டை?

தார் உருண்டை. கடலில் சிந்திய எண்ணெயின் லேசான பகுதி பறந்துபோய், மீதி கெட்டியாகித் தென்மேற்குக் காற்றில் கரைக்கு வருகிறது. பெட்ரோல் போட்டுத் துடைக்காதீர்கள். தேங்காய் எண்ணெய் தடவி, சோப்புப் போடுங்கள்.

செம்பூர்: கண்புரை ஆபரேஷன் ஆன அப்பா, 'சுவருக்கு எப்ப நீலம் அடிச்சீங்க?'ன்னு கேக்குறார். பயப்படணுமா?

வேண்டாம். வயதாக ஆக விழிலென்ஸ் பழுத்து மஞ்சளாகி நீல ஒளியை விழுங்குகிறது. இது மெல்ல நடப்பதால் மூளை ஈடுகட்டிக்கொள்ளும், வெள்ளை வேட்டி வெள்ளையாகவே தெரிந்துகொண்டிருக்கும். புது லென்ஸ் வைத்ததும் நீலம் ஒரேயடியாக உள்ளே வருகிறது, சில வாரங்களில் பழகிவிடும். மின்னல் வெட்டுவது போலவோ, ஓரத்தில் திரை விழுவது போலவோ தெரிந்தாலும், வலித்தாலும் மட்டும் அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள்.

எனக்கும் இடது கண் ஆபரேஷன் முடிந்துவிட்டது, வலது அடுத்த மாதம். இப்போது என்னிடம் இரண்டு கண்ணுக்கு இரண்டு வெள்ளை இருக்கிறது. வலதில் சுவர் சந்தன வெள்ளை, இடதில் சொட்டு நீலம் போட்ட வெள்ளை. ஓய்வு பெறும் வருஷம் நான் கையெழுத்துப் போட்ட இரண்டு வெள்ளைத் தகடுகள் பரண் பெட்டியில் கிடந்தன. ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வலது கண்ணால் பார்த்தேன். ஒட்டின. இடது கண்ணால் பார்த்தேன். ஒட்டவில்லை.