ஜெர்மனியில் எந்தப் படிப்பு எத்தனை வருடம்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஜெர்மனியில் பேச்சலர் மூன்று வருடமா, மூன்றரை வருடமா? ஆளுக்கொன்று சொல்கிறார்களே?

இரண்டும் சரிதான். பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் 6 செமஸ்டர். ஃபாக்ஹோக்ஷூலே எனப்படும் தொழில்சார் உயர்கல்வி நிறுவனங்களில் 7 செமஸ்டர் சகஜம். அதில் ஒன்று நிறுவனத்தில் பயிற்சியாகவே போய்விடும். வருடத்தைவிட கிரெடிட்டை எண்ணுங்கள். ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் சுமார் 30 மணி நேர உழைப்பு; வீட்டில் உட்கார்ந்து படிப்பதும் இதில் சேரும். ஆக 6 செமஸ்டருக்கு 180, 7 செமஸ்டருக்கு 210.

இந்தியாவில் மூன்று வருட பி.எஸ்சி. முடித்திருக்கிறேன். அங்கே மாஸ்டர்ஸ் கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் எல்லாப் படிப்புக்கும் கண்ணை மூடிக்கொண்டு விண்ணப்பிக்காதீர்கள். பேச்சலரும் மாஸ்டர்ஸும் சேர்ந்து 300 கிரெடிட் வர வேண்டும் என்பது அங்கே பொதுவான கணக்கு. மாஸ்டர்ஸ் 4 செமஸ்டர் என்றால் 120 கிரெடிட், அதற்கு முன் 180 இருந்தால் போதும். 3 செமஸ்டர் மாஸ்டர்ஸ் என்றால் 90தான்; அதனால் பேச்சலரில் 210 கேட்பார்கள். மூன்று வருடப் பட்டதாரிகள் பலர் இங்கேதான் இடறுகிறார்கள். முதலில் 4 செமஸ்டர் படிப்புகளைத் தேடுங்கள். அப்புறம், கணிதத்தில் இத்தனை, நிரலாக்கத்தில் இத்தனை கிரெடிட் என்று பாடவாரியாகவும் கேட்கலாம். உங்கள் பட்டத்தை ஏற்பதா என்ற முடிவு அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் கையில். மாணவர் விசாவுக்கு, உங்கள் கல்விச் சான்றுகள் உண்மையானவை என்று உறுதிசெய்யும் ஏபிஎஸ் (APS) சான்றிதழும் வேண்டும். 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்கு இது கட்டாயம்.

மருத்துவத்துக்கும் பேச்சலர், மாஸ்டர்ஸ்தானா?

இல்லை. ஐரோப்பிய நாடுகள் உயர்கல்வியை ஒரே மாதிரி ஆக்கச் செய்துகொண்ட 1999 போலோனா உடன்பாட்டுக்குப் பிறகு மற்ற துறைகள் இந்த முறைக்கு மாறினாலும், மருத்துவமும் மருந்தியலும் பெரும்பாலும் சட்டமும் அரசுத் தேர்வு முறையிலேயே, அதாவது அரசின் மேற்பார்வையில் நடக்கும் தேர்வுகளில் தேறிப் படிப்பை முடிக்கும் முறையிலேயே, நீடிக்கின்றன. மருத்துவம் ஆறு வருடத்துக்குக் கொஞ்சம் மேல். கடைசி வருடம் முழுக்க மருத்துவமனையில். 'டாக்டர்' பட்டம் வேண்டுமானால் தனியாக ஆய்வேடு எழுத வேண்டும். அது இல்லாமலும் மருத்துவராகப் பணியாற்றலாம்.

பிஎச்.டி.க்கு நுழைவுத்தேர்வு உண்டா?

பொதுவான தேர்வு கிடையாது. உங்கள் ஆய்வை ஏற்று வழிகாட்டும் பேராசிரியர் கிடைக்க வேண்டும். பலர் பல்கலைக்கழக ஊழியராகவே சம்பளத்துடன் ஆய்வு செய்கிறார்கள்.

அரியர் வைத்துக்கொண்டே படிப்பை ஓட்டலாமா?

தயவுசெய்து அந்த நினைப்போடு போகாதீர்கள். நம் ஊரில் அரியரைப் பல முறை எழுதித் தீர்த்துவிடலாம். அங்கே ஒரு பாடத்துக்கு வாய்ப்புகள் எண்ணி மூன்றுதான் என்பது பரவலான விதி. சில இடங்களில் இரண்டு. கட்டாயப் பாடம் ஒன்றில் கடைசி வாய்ப்பும் போனால் சேர்க்கை ரத்தாகும். அதோடு முடியவில்லை: ஜெர்மனியின் வேறு பல்கலைக்கழகத்திலும் அதே படிப்பில் பொதுவாகச் சேர முடியாது. படிப்பை நம்பித் தந்த விசாவும் ஆட்டம் காணும். கடன் வாங்கி அனுப்பிய குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய அடி!

ஆகவே சேர்ந்த முதல் வாரமே தேர்வு விதிகளைப் படியுங்கள். தயாராகவில்லை என்றால் கெடு முடிவதற்குள் தேர்வுப் பதிவை ரத்து செய்யுங்கள். பல இடங்களில் அதற்கு வசதி உண்டு. தேர்வன்று உடம்பு சரியில்லையா? அன்றைக்கே மருத்துவச் சான்று வாங்கித் தேர்வு அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். தகவல் சொல்லாமல் தேர்வுக்குப் போகாமல் இருந்தால் அதுவும் ஒரு தோல்வியாகக் கணக்கில் ஏறிவிடும்.