வாங்கலாமா, வேண்டாமா? – பறவைப் படம் எடுப்பவர்களுக்குக் கூடு கட்டும் கால கேள்வி-பதில்

கே: வீட்டுச் செம்பருத்தியில் தையல்சிட்டு கூடு கட்டியிருக்கிறது. என்னிடம் 55-250 மி.மீ. லென்ஸ். லென்ஸின் எட்டும் தூரத்தை இரட்டிப்பாக்கும் 2எக்ஸ் கன்வெர்ட்டர் வாங்கலாமா? (ஈரோடு)

ப: வேண்டாம். இரண்டு ஸ்டாப் வெளிச்சம் போய்விடும், அதாவது கால்பங்குதான் மிஞ்சும்; லென்ஸ் திறப்பு எஃப்5.6-லிருந்து எஃப்11 ஆகும், ஆட்டோஃபோகஸ் தடுமாறும். ஜன்னலுக்குப் பின்னால் நின்று எடுத்து, கம்ப்யூட்டரில் வேண்டிய பகுதியை மட்டும் வெட்டிக்கொள்ளுங்கள். அலகில் புழுவோடு வந்த குருவி கூட்டுக்குள் போகாமல் பக்கத்துக் கிளையில் தாவித் தாவிக் கத்தினால், நீங்கள் ரொம்பக் கிட்டே போய்விட்டீர்கள் என்று அர்த்தம்.

கே: மறைந்திருந்து எடுக்க காமோஃப்ளாஜ் வலை எது நல்லது? (கரூர்)

ப: பழைய காக்கிச் சட்டை. ஆன்லைனில் நான் வாங்கிய வலை மூச்சு விட்டாலே சரசரக்கும். இப்போது அதில் அவரைக்கொடி ஏறியிருக்கிறது.

கே: 'கண்ணாடி சுத்தம்' என்று கடைக்காரர் சொன்னதை நம்பி, பழைய 150-600 லென்ஸை 48,000 ரூபாய்க்கு வாங்கினேன். உள்ளே பூஞ்சை. பில்லில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்றிருப்பதைக் காட்டுகிறார். (மதுரை)

ப: அந்த வரியைப் பார்த்துப் பயப்படாதீர்கள். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் போடவில்லையென்றால் 30 நாள் கணக்கு. அதனால் இன்றே எழுத்தில் கேளுங்கள். பின்பக்கமிருந்து டார்ச் அடித்தால் பூஞ்சை சிலந்தி நூல் மாதிரி தெரியும். படம் எடுத்து வையுங்கள். அவர் அனுப்பிய வாட்ஸ்அப் எதையும் அழிக்காதீர்கள். மசியவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை, உங்கள் ஊரிலேயே போடலாம்.

கே: 'கூட்டுப் படம் உறுதி' பேக்கேஜுக்கு 4,000 ரூபாய் கட்டினேன். கைடு கிளைகளை வெட்டிக் கூட்டைத் திறந்து காட்டினார். தாய்ப்பறவை வரவேயில்லை. பணத்தைத் திரும்ப வாங்க முடியுமா? (சென்னை)

ப: எப்படி வரும்? இந்த 'உறுதி' வியாபாரத்தைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இலை மறைவில்தான் அந்தக் குஞ்சுகளின் உயிரே இருக்கிறது. அதை வெட்டினால் உச்சி வெயில் நேராக விழும். காக்கைக்கும் செம்போத்துக்கும் வழி காட்டியதாகிவிடும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப் பறவையின் கூட்டைத் தொந்தரவு செய்வதையே 'வேட்டை' என்ற சொல்லுக்குள் வைத்திருக்கிறது. பல போட்டிகளில் கூட்டுப் படங்களை வாங்குவதுகூட இல்லை. கைடு வெட்டும்போது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? 'நிறுத்து' என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்திருந்தால் உங்கள் பணத்துக்காக நானே புகார் எழுதித் தந்திருப்பேன். இப்போது ஆணையத்தில் போய் நின்றால் முதல் கேள்வி உங்களுக்குத்தான்.

கே: கூட்டுக்குள் தெளிவாகத் தெரிய எந்த ஃப்ளாஷ்? (சேலம்)

ப: எதுவும் வேண்டாம்.

கே: 1,500 ரூபாய் டிரைபாட் 150-600 லென்ஸைத் தாங்குமா? (திருச்சி)

ப: லென்ஸ் மட்டுமே ஏறக்குறைய இரண்டு கிலோ. நீங்களும் கூடவே பிடித்துக்கொண்டு நின்றால் தாங்கும்.