கீறல் தானாக மறையுமா? வாசகர் கேள்வி-பதில்

கே: வெயிலில் கறுக்கும் கண்ணாடி போட்டிருக்கிறேன். கார் ஓட்டும்போது கறுப்பதே இல்லை. போலியா? – காட்பாடி வாசகர்

ப: போலி என்று சொல்லிவிட முடியாது. அந்த லென்ஸைக் கறுக்க வைப்பது புற ஊதாக் கதிர். காரின் முன்கண்ணாடி அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். சூடு கூடினால் அதே சாயம் வேகமாக வெளுக்கவும் செய்யும். அதனால் மே மாத வேலூர் வெயிலைவிட மார்கழிக் காலையில்தான் நன்றாகக் கறுக்கும். லென்ஸில் பாதியைக் காகிதத்தால் மூடி, வெட்டவெளியில் ஒரு நிமிடம் வெயில் காட்டுங்கள். காகிதத்தை எடுத்ததும் இரண்டு நிறம் தெரிந்தால் சரக்கு சரி. கார் ஓட்ட வேறு கூலிங் கிளாஸ் வேண்டும்.

கே: சூடு பட்டால் கீறல் தானே மறையும் என்று சொல்லி, காருக்கு பிபிஎஃப் (பெயிண்டைக் காக்கும் கண்ணாடி போன்ற ஃபிலிம்) ஒட்டி 70,000 ரூபாய் வாங்கினார்கள். சில மாதத்திலேயே மஞ்சளாகிவிட்டது, கீறலும் அப்படியே இருக்கிறது. பில்லில் ‘கார் ஃபிலிம்’ என்று மட்டும் உள்ளது. – ஆற்காடு வாசகர்

ப: படிக்கவே வயிறு எரிகிறது. டிபியூ (ரப்பர் போல் நீளும் பிளாஸ்டிக்) என்று சொல்லி மலிவான பிவிசி பிளாஸ்டிக்கை ஒட்டியிருப்பார்கள் என்றே தோன்றுகிறது. நல்ல ஃபிலிம் என்பது டிபியூ தாளும் அதன்மேல் மீள்தன்மையுள்ள பூச்சும் சேர்ந்தது. வெந்நீரோ வெயிலோ பட்டால் அந்தப் பூச்சு தளர்ந்து பழைய நிலைக்குத் திரும்பும். மயிரிழைக் கீறல் மறையும். தாள்வரை இறங்கிய வெட்டு எந்த ஃபிலிமிலும் மறையாது. பிவிசியில் அந்தப் பூச்சு இல்லை. அதை இளக்கி வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருள் வெயிலில் வெளியேற, ஃபிலிம் விறைத்து மஞ்சளாகும்.

ஓரத்தில் ஒரு துண்டு வெட்டிச் சோதியுங்கள். செம்புக் கம்பியைத் தீயில் பழுக்கக் காய்ச்சி, ஃபிலிமில் தொட்டு, மறுபடி தீயில் காட்டுங்கள். சுடர் பச்சையாக எரிந்தால் அதில் குளோரின் உண்டு, அதாவது பிவிசி. புகை கெடுதல், வெளியில் வைத்துச் செய்யுங்கள்.

இந்த ஊரில் எனக்கு ஆறாத கோபம் பில் விஷயத்தில்தான். வாயால் பத்து வருட வாரண்டி, தாளில் ‘கார் ஃபிலிம்’. பொருளின் பெயர், மைக்ரான் கனம், ரோல் எண், வாரண்டி காலம் நான்கையும் எழுதாத பில்லுக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஒட்டும் முன் ஒரு துண்டைப் பித்தளை பிரஷால் கீறி, 60 டிகிரி வெந்நீர் ஊற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வண்டியைத் திருப்புங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது: கடைக்காரரின் வாட்ஸ்அப் பேச்சை அழிக்காதீர்கள். ஸ்பீடு போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதியுங்கள். பிறகு நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 2 வருடத்துக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது.

கே: ஆம்பூரில் பைக் தோல் ஜாக்கெட் பார்த்தேன். தோள்பட்டையில் அடிபட்டால் இறுகும் பேட் இருக்கிறதாம். எப்படி நம்புவது? – வாணியம்பாடி வாசகர்

ப: பேடை உருவி எடுத்துப் பாருங்கள். உருவ முடியாதபடி தைத்திருந்தால் வேண்டாம். மெதுவாக அழுத்தினால் குழையும், வேகமாக அடித்தால் விறைக்கும் ரகம் உண்மையிலேயே உண்டு. ஆனால் கை சொல்வது போதாது, முத்திரை வேண்டும்: பைக் பேடுக்கான ஐரோப்பியத் தரம் ஈஎன் (EN) 1621-1. லெவல் 2 என்றால் சோதனையில் பேடைத் தாண்டிப் போகும் விசை சராசரியாக 20 கிலோநியூட்டனுக்குள், லெவல் 1 என்றால் 35-க்குள். இந்த வகை சூட்டில் இளகும் என்பதால் ‘டி+’ (T+) குறியும் தேடுங்கள். 40 டிகிரியில் சோதித்தது என்று பொருள். நம் பக்கத்துக்கு அது இல்லாமல் வாங்குவது வீண். தோலின் தரம் வேறு, பேடின் தரம் வேறு.

கே: கிளினிக் அறைக் கண்ணாடிக்கு சுவிட்ச் போட்டால் தெளியும் ஃபிலிம் ஒட்டினோம். ஓரமெல்லாம் நிரந்தரமாக வெளுத்துவிட்டது. – சத்துவாச்சாரி வாசகர்

ப: சிலிக்கான் பூசியபோது காடி வாடை வந்ததா? அதுதான் காரணமாக இருக்கும். அசிட்டிக் சிலிக்கானும் தண்ணீரும் ஓரத்தில் புகுந்தால் உள்ளே இருக்கும் திரவப் படிகத் துளிகள் கெட்டுவிடும். நியூட்ரல் சிலிக்கான்தான் பூச வேண்டும். வெளுத்தது திரும்பாது, ஒட்டியவரை மாற்றித் தரச் சொல்லுங்கள்.

கே: சூடான காபி ஊற்றினால் படம் தெரியும் குவளை பத்து வாங்கினேன். நாரால் தேய்த்துக் கழுவியதில் நான்கில் படம் வரவில்லை. – குடியாத்தம் வாசகர்

ப: தேய்க்காதே என்று பெட்டியிலேயே போட்டிருப்பார்களே. ஒன்று வாங்கிப் பார்க்காமல் பத்தா? நான் வாங்கிய ஒன்று, தேய்க்காமலே, ஜன்னலோர வெயிலில் வெளுத்துப் போனது. மிச்சம் ஆறையும் நிழலில் வையுங்கள்.