வாக்குச்சீட்டில் மூன்றாவதாக வரும் அந்த 'ட்ரஸ்டி' யார்?

கேள்வி: ஸ்காபரோவில் குடியிருக்கிறோம். மாநகரத் தேர்தலில் மேயர், கவுன்சிலர் தவிர 'ஸ்கூல் போர்ட் ட்ரஸ்டி' என்று இன்னொரு பெயர்ப் பட்டியலும் வருகிறது. அந்தத் தேர்தல் எப்படி நடக்கிறது? அதில் ஒருவரைத் தெரிவு செய்வதால் பிள்ளைகளுக்கு ஏதும் நன்மை உண்டா?

நன்மை உண்டு. ஆனால் வாசலுக்கு வந்து துண்டுப் பிரசுரம் தருகிறவர்கள் சொல்கிற அளவுக்கு இல்லை. ஸ்காபரோவில் சில வேட்பாளர்களுக்காக நானும் கதவு தட்டியிருக்கிறேன். "இதுக்கும் ஒரு எலக்சனா?" என்று கேட்காத வீடு குறைவு. ஆகவே உங்கள் கேள்வியில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஒன்ராறியோ மாகாணத்தில் மாநகரத் தேர்தல் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, அக்டோபர் மாதத்தின் நான்காவது திங்கட்கிழமை நடக்கும். 2018இல் அக்டோபர் 22, 2022இல் அக்டோபர் 24. பாடசாலைகளை நிர்வகிக்கும் கல்விச் சபைக்கு உறுப்பினர்களை, அதாவது ட்ரஸ்டிகளை, தெரிவு செய்யும் தேர்தலும் அதே நாளில், அதே வாக்குச் சாவடியில்தான். ரொறன்ரோவில் (ஸ்காபரோவும் இதற்குள்தான்) ஒரே தாளில் மூன்று போட்டிகளும் இருக்கும். பக்கத்து நகரமான மார்க்கத்தில் 2003ஆம் ஆண்டிலிருந்தே வீட்டில் இருந்தபடி இணையத்தில் வாக்களிக்கலாம். இரண்டு இடத்திலும் கட்சிப் பெயர் கிடையாது, சின்னம் கிடையாது. பெயர்கள் மட்டும், குடும்பப் பெயரின் அகரவரிசைப்படி. ஊரில் சின்னம் பார்த்து வாக்குப் போட்டுப் பழகிய நம் அம்மா அப்பாக்கள் திகைத்துப் போவது இங்கேதான். மேயருக்குப் போட்டுவிட்டு மற்றதைத் தொடாமலே தாளைக் கொடுத்துவிட்டு வருபவர்கள் நிறைய.

இனிச் சிக்கலான பகுதி. ஒரே தெருவில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு வேறு வேறு ட்ரஸ்டி பட்டியல் வரும். காரணம், ஒன்ராறியோவில் அரசு பணம் கொடுக்கும் பாடசாலை முறை ஒன்றல்ல, நான்கு: ஆங்கிலப் பொது, ஆங்கிலக் கத்தோலிக்க, பிரெஞ்சுப் பொது, பிரெஞ்சுக் கத்தோலிக்க. மாகாணம் முழுவதும் சேர்த்து 72 மாவட்டக் கல்விச் சபைகள். கத்தோலிக்கப் பாடசாலைகளுக்கு அரசுப் பணம் போவது 1867 அரசியலமைப்புச் சட்டத்தின் 93ஆம் பிரிவு வரை போகும் பழைய கதை. அதை விடுவோம். நாம் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: ஒருவர் இந்த நான்கில் ஒரே ஒரு சபைக்குத்தான் வாக்களிக்க முடியும். எந்தச் சபை என்பது உங்கள் பெயருக்கு எதிரே 'பாடசாலை ஆதரவு' என்று பதிவாகியிருப்பதைப் பொறுத்தது. ஒன்றுமே சொல்லாமல் விட்டிருந்தால் உங்களை ஆங்கிலப் பொது என்று வைத்துவிடுவார்கள்.

யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கத்திலிருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் நிறைய. பிள்ளைகள் கத்தோலிக்கப் பாடசாலையில் படிப்பார்கள், பெற்றோரின் பதிவோ பொதுச் சபையில் இருக்கும். தேர்தல் நாளில் சாவடிக்குப் போய்த் தெரியாத பெயர்களைப் பார்த்து விழிப்பார்கள். சொத்து மதிப்பீடு செய்யும் எம்பாக் (MPAC) நிறுவனத்திடம் ஒரு படிவம் கொடுத்தால் இதை மாற்றலாம். வாடகைக்கு இருப்பவர்களும் மாற்றலாம். ஒரு அண்ணை என்னிடம் "அதை மாத்தினா வரி கூடாதோ?" என்று பயந்து கேட்டார். ஏறாது. வீடுகளுக்கான கல்வி வரி வீதத்தை மாகாணம் நிர்ணயிக்கிறது, எந்தச் சபையை ஆதரித்தாலும் வீதம் ஒன்றுதான்.

இதன் மறுபக்கமும் ஒன்று உண்டு. கத்தோலிக்க உயர்பாடசாலைகள் எல்லா மதத்துப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளும். சைவக் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் அங்கே படிக்கிறார்கள். ஆனால் கத்தோலிக்கச் சபைக்கு வாக்களிக்க வேண்டுமென்றால் நீங்கள் கத்தோலிக்கராக இருக்க வேண்டும். அதாவது, மகள் நான்கு வருடம் அங்கே படித்தாலும் அவள் பாடசாலையை நடத்துகிற சபைக்கு நீங்கள் வாக்களிக்க முடியாது. உங்கள் வாக்கு பொதுச் சபைக்குத்தான். எனக்கு இது சரியாகப் படவில்லை, சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

வாக்களிக்க 18 வயது, கனடியக் குடியுரிமை, அந்த நகரத்தில் வசிப்பிடம் அல்லது சொந்தமாகவோ வாடகைக்கோ ஒரு சொத்து வேண்டும். நிரந்தர வதிவிட அட்டை மட்டும் இருந்தால் போதாது. பிள்ளை மூன்றாம் வகுப்பில் இருக்கும், பெற்றோருக்கு வாக்கு இருக்காது. பிள்ளையே இல்லாத பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு வாக்கு இருக்கும். பேஸ்மென்ட்டில் குடியிருப்பவர்கள் பட்டியலில் பெயர் இல்லையே என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். பெயரும் முகவரியும் உள்ள அடையாள ஆவணத்தைக் கொண்டுபோனால் தேர்தல் நாளிலேயே சேர்த்துக்கொள்வார்கள்.

போட்டியிடுவது நீங்கள் நினைப்பதைவிட எளிது. மே மாதத் தொடக்கத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாவது வெள்ளி பிற்பகல் 2 மணி வரை நகர எழுத்தர் அலுவலகத்தில் வேட்புமனு கொடுக்கலாம். கட்டணம் 100 டொலர், தேர்தல் வரவு செலவுக் கணக்கை நேரத்துக்குச் சமர்ப்பித்தால் அதுவும் திரும்பி வரும். ரொறன்ரோ போன்ற நகரங்களில் கவுன்சிலருக்கு நிற்பவர் 25 பேரின் கையெழுத்து வாங்க வேண்டும், ட்ரஸ்டிக்கு அதுவும் தேவையில்லை. ஒருவர் ஒரு வேட்பாளருக்கு 1,200 டொலருக்கு மேல் கொடுக்க முடியாது. நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் கொடுக்கவே கூடாது. செலவு வரம்பு 5,000 டொலரும், வாக்காளர் ஒருவருக்கு 85 சதமும். கல்விச் சபையில் வேலை செய்பவர் நிற்க விரும்பினால் சம்பளமில்லாத விடுப்பு எடுக்க வேண்டும், வென்றால் வேலையை விட வேண்டும். ஆசிரியரே தன் முதலாளியாக உட்காரக்கூடாது என்பதுதான் இதன் பொருள்.

2022 தேர்தலில் ரொறன்ரோ பொதுக் கல்விச் சபைக்கு 22 ட்ரஸ்டிகள், கத்தோலிக்கச் சபைக்கு 12. மாநகர சபையில் 25 கவுன்சிலர்கள். அதாவது, பொதுச் சபை ட்ரஸ்டி ஒருவரின் தொகுதி கவுன்சிலரின் தொகுதியை விடச் சற்றுப் பெரியதாக இருந்தது. கவுன்சிலருக்கு முழுநேரச் சம்பளம், அலுவலகம், உதவியாளர்கள். ட்ரஸ்டிக்கோ அடிப்படை மதிப்பூதியம் ஆண்டுக்கு 5,900 டொலர், அதோடு மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்து ஒரு தொகை. ஆகவே வேறு வேலை இருப்பவர், ஓய்வு பெற்றவர், அல்லது அடுத்த படிக்கு ஆயத்தம் செய்கிறவர் என மூன்று வகையினர்தான் பெரும்பாலும் நிற்பார்கள்.

அந்த மூன்றாவது வகையைக் குறையாகச் சொல்லவில்லை. நம் சமூகத்திலேயே பாருங்கள். நீதன் சாண், பார்த்தி கந்தவேள் இருவரும் ரொறன்ரோ கல்விச் சபையில் இருந்து மாநகர சபைக்குப் போனவர்கள். ஜுவனிற்றா நாதன் யோர்க் பிராந்தியக் கல்விச் சபையில் இருந்து மார்க்கம் நகரசபைக்கும், 2025இல் நாடாளுமன்றத்துக்கும் போனார். வந்தேறிய சமூகம் ஒன்று அரசியலுக்குள் நுழைய இதைவிடத் தாழ்வான வாசற்படி இல்லை. ஆனால் வாக்காளராக நாம் ஒன்று கவனிக்க வேண்டும்: வேட்பாளருக்கு இந்தப் படியிலேயே ஏதாவது செய்கிற எண்ணம் இருக்கிறதா?

சரி, அவர்களால் என்னதான் செய்ய முடியும்? பாடத்திட்டம் மாகாணத்தின் கையில். பணமும் அப்படித்தான். அமெரிக்காவில் பல கல்விச் சபைகள் தாங்களே வரி போடும். ஒன்ராறியோ சபைகளிடமிருந்து அந்த அதிகாரத்தை மாகாணம் 1990களின் கடைசியில் எடுத்துக்கொண்டது. பாடசாலைகளை மூடுவதும் 2017இலிருந்து மாகாண அளவில் நிறுத்தி வைக்கப்பட்டது. எனவே "பாடத்திட்டத்தை மாற்றுவேன்" என்று ஒருவர் வாசலில் நின்று சொன்னால் புன்னகையோடு கதவைச் சாத்தலாம். கிடைக்கும் பணத்தை எப்படிப் பங்கிடுவது, சபையின் தலைமை இயக்குநராக யாரை நியமிப்பது, எந்தத் தெருப் பிள்ளைகள் எந்தப் பாடசாலைக்கு, சனிக்கிழமைத் தமிழ் வகுப்புகள் எங்கே நடக்கும் போன்றவைதான் சபையின் வேலை. தனி ட்ரஸ்டி ஒருவருக்கு அதிகாரம் இல்லை, சபையாக வாக்கெடுத்தால்தான் முடிவு. உங்கள் பிள்ளையின் ஆசிரியரையோ அதிபரையோ அவரால் மாற்ற முடியாது.

அவ்வளவுதானா என்று நினைப்பவர்களுக்கு ஒரு உதாரணம். 2022 மே மாதம் ரொறன்ரோ பொதுச் சபை, சிறப்புக் கலைப் பாடசாலைகளுக்கும் சிறப்புத் திட்டங்களுக்கும் பிள்ளைகளைச் சேர்க்கும் முறையை மாற்றியது. அதுவரை நேர்முகம், நடிப்பு அல்லது இசைத் தேர்வு, மதிப்பெண் என்று பார்த்துச் சேர்த்தார்கள். இனி ஆர்வம் இருந்தால் விண்ணப்பிக்கலாம், இடத்தைவிட விண்ணப்பம் கூடினால் குலுக்கல் என்றார்கள். தனிப்பயிற்சிக்குப் பணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைகளே உள்ளே போகிறார்கள், வறிய பகுதிப் பிள்ளைகளுக்குக் கதவு திறக்க வேண்டும் என்பது அவர்கள் தரப்பு நியாயம். மார்க் கார்னோ உயர்பாடசாலையின் கணித, அறிவியல் திட்டத்துக்காக ஆறாம் வகுப்பிலிருந்தே ரியூஷன் அனுப்பும் நம் ஆட்களின் வீடுகளில் அந்த வருடம் வேறு பேச்சே இல்லை. குலுக்கலில் இடம் கிடைத்தவர்கள் நல்ல முடிவு என்றார்கள், கிடைக்காதவர்கள் அநியாயம் என்றார்கள். அந்த முடிவை எடுத்தது பிரதமரோ மாகாண முதல்வரோ இல்லை. நாம் நிரப்பாமல் விட்டுவரும் அந்த மூன்றாவது பட்டியலில் இருந்து வென்றவர்கள்தான். ஐந்து மாதம் கழித்து வந்த தேர்தலில் ரொறன்ரோவில் வாக்களித்தவர்கள் 30 சதவீதம்கூட இல்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2025 ஜூனில் மாகாணக் கல்வி அமைச்சர் போல் கலண்ட்ரா, நிதி நிர்வாகம் சரியில்லை என்று சொல்லி ரொறன்ரோ பொது, ரொறன்ரோ கத்தோலிக்க, ஒட்டாவா-கார்ல்டன், டஃபரின்-பீல் கத்தோலிக்க என நான்கு சபைகளை மேற்பார்வையாளர்களின் கீழ் கொண்டுவந்தார். ட்ரஸ்டிகளின் முடிவெடுக்கும் அதிகாரம் அவர்கள் கைக்குப் போனது. ரொறன்ரோ பொதுச் சபையின் மேற்பார்வையாளர் கொஞ்ச நாளிலேயே அந்தக் குலுக்கல் முறையை நீக்கிவிட்டார். குலுக்கல் பிடிக்காதவர்களுக்கு மகிழ்ச்சி. எனக்கும் அந்த முறையில் முழு உடன்பாடு இல்லை. ஆனாலும் வாக்கெடுத்து வந்த ஒன்றை, யாரும் வாக்களிக்காத ஒருவர் ஒரு கையெழுத்தில் எடுத்துப் போட்டதை என்னால் ரசிக்க முடியவில்லை. நாளைக்கு அதே பேனா தமிழ் வகுப்புப் பக்கமும் திரும்பலாம். அப்போது நாம் யாரிடம் போய்க் கேட்பது?

இது புதிதும் இல்லை. 2002இல் வரவு செலவைச் சமப்படுத்த மறுத்ததற்காக ரொறன்ரோ, ஒட்டாவா, ஹமில்ரன் பொதுச் சபைகளை மாகாணம் இப்படித்தான் எடுத்துக்கொண்டது. ட்ரஸ்டிகள் தரப்பிலும் குற்றம் இல்லாமல் இல்லை. சமயக் கலைப்பொருள் வாங்கவென்று கத்தோலிக்கச் சபை ஒன்றின் ட்ரஸ்டிகள் நால்வர் சபைச் செலவில் இத்தாலிக்குப் போய்வந்த செய்தி, இந்தப் பதவியே வேண்டாம் என்பவர்களின் வாயில் சர்க்கரை போட்டது. அமைச்சர் அந்தப் பதவியை அடியோடு மாற்றியமைப்பது பற்றி வெளிப்படையாகவே பேசினார். ஆகவே வாக்களிக்கப் போகும் முன், அந்த நேரத்தில் உங்கள் சபை யார் கையில் இருக்கிறது, தெரிவாகிறவருக்கு என்ன அதிகாரம் மிஞ்சியிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

யாருக்குப் போடுவது என்று கேட்டால் பெயர் சொல்ல மாட்டேன். நான் பார்க்கும் விதத்தைச் சொல்கிறேன். ஏற்கெனவே பதவியில் இருப்பவர் என்றால் சபைக் கூட்டக் குறிப்புகளை இணையத்தில் தேடி, அவர் எதற்கு எப்படி வாக்களித்தார் என்று பாருங்கள். புதியவர் என்றால் தொலைபேசியில் கூப்பிட்டு, "விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கான உதவியாளர்கள் போதாமல் இருக்கிறார்கள், எந்தச் செலவைக் குறைத்து அதற்குப் பணம் ஒதுக்குவீர்கள்?" என்று கேளுங்கள். எல்லாவற்றையும் கூட்டுவேன் என்பவர் பட்ஜெட்டைப் பார்த்ததே இல்லை என்று அர்த்தம். தமிழர் என்பதற்காகப் போடுவதா என்ற கேள்விக்கு என் பதில்: பாடசாலைக் கடிதம் புரியாமல் தவிக்கும் அம்மம்மா ஒருவர் தமிழில் கூப்பிட்டுப் பேச ஒருவர் இருப்பது பெரிய காரியம்தான். ஆனால் கூப்பிட்டால் எடுக்கிறவராக இருக்க வேண்டும்.

உங்களுக்கு இன்னும் குடியுரிமை வரவில்லை என்றால் வேறு வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு பாடசாலையிலும் 'ஸ்கூல் கவுன்சில்' என்ற பெற்றோர் குழு இருக்கிறது. பாடசாலை தொடங்கி முதல் 30 நாளுக்குள் அதற்குத் தேர்தல் நடக்க வேண்டும் என்பது மாகாண விதி. அங்கே குடியுரிமை கேட்க மாட்டார்கள். பிள்ளை அங்கே படித்தால் நிற்கலாம், வாக்களிக்கலாம். ஆலோசனை சொல்லும் குழுதான், ஆனால் அதிபர் உங்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லியாக வேண்டும். செப்டெம்பரில் அதற்கான அறிவிப்பு, பீட்சா நாள், புகைப்பட நாள் மின்னஞ்சல்களுக்கு நடுவே வரும். திறந்து பாருங்கள்.