மூன்றாவது நீட் வேண்டாம்

மயூர் விஹார் அம்மாவுக்கு,

மகளுக்கு இரண்டாம் முறையும் நீட் கைகூடவில்லை, தூக்கமே வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இன்னொரு வருஷம் ராஜஸ்தானின் கோட்டா நகரக் கோச்சிங்குக்கு அனுப்பச் சொல்லும் உறவினர் யாரும் ஃபீஸ் கட்டப் போவதில்லை. தனியார் எம்.பி.பி.எஸ். ஒரு கோடியைத் தொடும். அதற்காக ஃப்ளாட்டை அடகு வைக்காதீர்கள். இதில் வேறு பேச்சே இல்லை.

போகிற போக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள்: பிசைந்த ஆட்டாவைக் குழாயடியில் அலசி, மிஞ்சும் சவ்வை மணிக்கணக்கில் இழுத்துப் பார்க்கிறாளாம். அந்தச் சவ்வுதான் குளூட்டன், கோதுமையின் புரதம். அதை வைத்தே ஒரு தொழில் இருக்கிறது, உங்கள் டெல்லியிலேயே, பூசாவில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில்.

ரொட்டிக் கோதுமையில் ஏ, பி, டி என மூன்று மரபுத்தொகுதிகள், 42 குரோமோசோம்கள். மாவை இழுபட வைக்கும் குளூட்டெனின் என்ற புரதத்துக்கான மரபணுக்களில் ஏ-ஒய் என்பது இதில் பெரும்பாலும் ஊமை, அதாவது புரதம் தராது. காட்டு உறவான டிரிட்டிகம் உரார்ட்டுவில் அது பேசுகிறது. அதைக் கொண்டுவர இரண்டையும் இனக்கலப்பு செய்தால் கூடவே காட்டுக் குணமும் வரும்: முற்றியதும் கதிர் உதிரும், உமி விடாது. அதனால்தான் திரும்பத் திரும்பப் பயிர்க்கோதுமையோடு கலக்கிறார்கள்.

தேர்வு செய்யும் விதம் அழகு. மணியைக் குறுக்கே வெட்டி, கருவுள்ள பாதியை முளைக்கப் போடுவார்கள். மறுபாதியைப் பொடித்து, 50 சதவீத புரோப்பனால் என்ற ஆல்கஹாலில் குளூட்டனின் இன்னொரு பாகமான கிளையடினைக் கழுவி நீக்கி, பிறகு டி.டி.டி. (டைதயோத்ரைட்டால்; கொசு மருந்தல்ல, கந்தகப் பிணைப்பை அறுப்பது) சேர்த்துச் சூடாக்கிக் குளூட்டெனினை எடுத்து, ஜெல்லில் மின்சாரம் பாய்ச்சி ஓட்டுவார்கள்; ஒவ்வொரு வகையும் ஒரு பட்டையாகப் பிரியும். டி.டி.டி. பழசானால் பிணைப்பு அறாது, புரதம் குழியிலேயே தங்கிவிடும், ஜெல்லில் பட்டைக்குப் பதில் கறைதான் மிஞ்சும். சரியான பட்டை தெரிந்த மணியின் முளையை மட்டும் நடுவார்கள்.

வழி: பி.எஸ்சி. அக்ரி நான்கு வருஷம், பிறகு எம்.எஸ்சி. மரபியல் - பயிர்ப்பெருக்கம். மூன்று வருஷ பாட்டனி எடுத்துவிட்டு அங்கே போகலாம் என்று நம்பாதீர்கள், பெரும்பாலும் கதவு திறக்காது. பி.எஸ்சி. அக்ரி சேர எழுதும் க்யூட் (பொதுப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு) படிவத்தில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் குறிக்க வேண்டும். மதிப்பெண் வந்தபின் ஐ.சி.ஏ.ஆர். (இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம்) கவுன்சலிங்குக்குத் தனியாகப் பதிவு உண்டு. அதை மறந்து சீட்டை இழப்பவர்கள் நிறைய.

சொகுசு வேலை இல்லை. விஞ்ஞானி பதவிக்கு பிஎச்.டி. வேண்டும், ஆகப் பத்து வருஷம் பிடிக்கும். பூ பூக்கும் வாரங்களில் வயலில் குனிந்து, ஒவ்வொரு பூவிலும் 3 மகரந்தப்பைகளைச் சாமணத்தால் எடுக்க வேண்டும். ஒன்று தப்பினாலும் தன்மகரந்தச் சேர்க்கையாகிவிடும். இதைச் சொல்லிவிட்டு முடிவை அவளிடமே கேளுங்கள், மாமாக்களை அறைக்கு வெளியே வைத்து.