பனியில் வழுக்கும் டிராக்டர்: டயரில் கத்தி வைக்கலாமா?

கேள்வி: பனி கொட்டும் ஊரில் இருக்கிறேன். வீட்டிலிருந்து சாலை வரை உள்ள சரிவுப் பாதையில் பனியைத் தள்ளுவதற்கு ஒரு சின்ன ஃபோர் வீல் டிரைவ் டிராக்டர் வைத்திருக்கிறேன். முன்னால் லோடர் வாளி, டயர், மேலே புடைத்து நிற்கும் ரப்பர் கட்டைகள் அகலமாக உள்ள ஆர்-4 வகை. புதுப் பனியை ஒருமாதிரி சமாளித்துவிடுகிறது. அதுவே மிதிபட்டு இறுகி ஐஸ் ஆகிவிட்டால், நின்ற இடத்திலேயே சக்கரம் சுற்றுகிறது. டயர்க் கட்டைகளில் குறுக்கே வெட்டுப் போட்டால் பிடிக்கும் என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: செய்யலாம், பலன் உண்டு. ஆனால் டயரின் வயது தெரியாமல் கத்தியை எடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

டயரின் பக்கவாட்டில் பெரும்பாலும் ஒரு நான்கு இலக்க எண் இருக்கும். 3519 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 35-வது வாரத்தில் செய்தது என்று அர்த்தம். அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், நல்ல குளிரான ஒரு காலையில் வெளியே போய், கட்டையின் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். நகத்தின் தடம் பதிந்து மெல்ல மறைந்தால் ரப்பரில் இன்னும் உயிர் இருக்கிறது. மரத்தில் அழுத்தியதுபோல் வழுக்கினால் அந்த ரப்பர் இறுகிவிட்டது. அதில் எத்தனை வெட்டுப் போட்டாலும் ஐஸில் பிடிக்காது, கட்டைதான் பிய்ந்து வரும்.

வெட்டு ஏன் வேலை செய்கிறது என்று தெரிந்தால் எங்கே வெட்டுவது என்பதும் தெரிந்துவிடும். ஐஸின் மேல் எப்போதும் ஈரம்போல மிக மெல்லிய ஒரு படலம் உண்டு. பூஜ்யம் டிகிரியை ஒட்டி வரும்போது அது இன்னும் மோசம். மைனஸ் 20-ல் இருக்கும் ஐஸைவிட, உருகப்போகும் ஐஸ்தான் அதிகம் வழுக்கும். ரப்பரில் ஓர் ஓரம் இருந்தால் அது அந்தப் படலத்தை வழித்துத் தள்ளிவிட்டு ஐஸைத் தொடும். ஆர்-4 கட்டை அகலமானது, உச்சி தட்டையானது. அதனால் தரையைத் தொடும் ரப்பர் நிறைய இருந்தும் ஓரங்கள் குறைவு. ஒரு கட்டையில் இரண்டு கீறல் போட்டால் நான்கு ஓரம் கூடுகிறது. சுமை ஏறும்போது கட்டை கொஞ்சம் வளைந்து கொடுத்து அந்த ஓரங்களைத் தரையில் அழுத்துகிறது. இது புதிய யோசனை இல்லை. ஜான் சைப் என்பவர் 1923-லேயே இதற்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார். வழுக்கும் தரையில் நடப்பதற்காகத் தன் காலணியின் அடியில் கீறல் போட்டதுதான் தொடக்கம் என்று சொல்வார்கள். கார்களின் குளிர்கால டயரில் நெளிநெளியாகத் தெரியும் கீறல்கள் அந்த வழியில் வந்தவைதான்.

இப்போது வேலைக்கு வருவோம். கீறல் வேறு, பள்ளம் வேறு. கீறலில் ரப்பர் வெளியே வராது, கத்தி போன கோடு மட்டும்தான். பள்ளத்தில் ரப்பரைச் சீவி எடுக்கிறோம். இறுகிய பனியில் பள்ளம் உதவும். பள்ளத்துக்குள் அடைந்த பனி தரையிலுள்ள பனியோடு ஒட்டிக்கொள்ளும், அதுவும் ஒரு பிடிதான். உங்கள் பிரச்சினை ஐஸ் என்பதால் கீறலே போதும், டயருக்கும் சேதம் குறைவு. பள்ளம் வேண்டுமென்றால், மின்சாரத்தில் சூடாகும் வெட்டுக் கருவி டயர்க் கடைக்காரர்களிடம் இருக்கும். அதன் வளைந்த பிளேடை இவ்வளவு ஆழம்தான் என்று பூட்டிவைத்து வெட்டலாம். கிரைண்டரையும் மரமறுக்கும் ரம்பத்தையும் தயவுசெய்து இதற்கு எடுக்காதீர்கள். ரப்பர் உருகிப் புகையும், தட்டு சிக்கிக்கொண்டால் கருவி கையை விட்டுத் துள்ளும்.

கீறலை அச்சுக்கு இணையாக, அதாவது வண்டி போகும் திசைக்குக் குறுக்கே போடுங்கள். ஆழம், கட்டையின் இப்போதைய உயரத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. புதிதாக இருந்தபோது எவ்வளவு உயரம் என்பது இங்கே கணக்கில்லை. அதைவிட முக்கியம், கீறலைக் கட்டையின் விளிம்பு வரை இழுக்காதீர்கள். இரண்டு பக்கமும் ஒரு விரல் அகலம் விட்டுவிடுங்கள். விளிம்பு வரை வெட்டிய கட்டை, முதல் கூரான கல்லிலேயே துண்டாகக் கழன்றுவிடும். இரண்டு கீறலுக்கு நடுவே 2 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இடம் இருக்கட்டும். சோப்புத் தண்ணீர் தடவிக்கொண்டால் கத்தி சிக்காமல் போகும். கட்டைக்கும் கட்டைக்கும் நடுவிலுள்ள அடிப்பகுதியில் கத்தி படவே கூடாது. அங்கே ரப்பருக்கு அடியிலுள்ள நூலிழை கண்ணுக்குத் தெரிந்தால் உள்ளே ஈரம் இறங்கும், அந்த டயரை நம்பி ஓட்ட முடியாது. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, கத்தியை உடம்பிலிருந்து விலகும் திசையில் இழுங்கள்.

நான்கு டயரையும் ஒரே மூச்சில் வெட்டிவிடாதீர்கள். பின் டயர் இரண்டை மட்டும் செய்து, ஐஸில் ஓட்டிப் பாருங்கள். கோடையில் இதே டயரோடு ஜல்லியிலும் கல் தரையிலும் சுமை இழுப்பீர்கள் என்றால் வெட்டவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. குளிர்காலத்துக்கென்று பழைய டயர் ஒரு ஜோடி ரிம்மோடு தனியாகக் கிடைத்தால் தாராளமாக வெட்டலாம். ரப்பர் மட்டும் சாகாமல் இருக்க வேண்டும்.

கத்தியை எடுப்பதற்கு முன்னால் காற்றைச் சரிபாருங்கள். கேஜில் 14 பிஎஸ்ஐ காட்டும்படி 20 டிகிரியில் அடித்த டயர், மைனஸ் 20-க்கு இறங்கும்போது ஏறக்குறைய 10-தான் காட்டும். எங்கும் ஓட்டை இல்லை, குளிரில் காற்று சுருங்கிவிட்டது, அவ்வளவுதான். பின் டயரில் அழுத்தம் கொஞ்சம் குறைந்தால் தரையைத் தொடும் பரப்பு கூடும், பனியில் அது நல்லதும்கூட. ஆனால் வாளி நிறைந்த பனியின் சுமையைத் தாங்கும் முன்பக்க டயரில் அப்படி விட்டால் ரிம்மிலிருந்து டயர் கழன்றுவிடும்.

கேள்வி: சங்கிலி வாங்கப்போகிறேன். ஒரு ஜோடிக்குத்தான் வசதி இருக்கிறது. முன்னாலா, பின்னாலா?

பதில்: பின்னால்தான். பெரும்பாலான டிராக்டர்களில் பிரேக் பின் சக்கரத்தில்தான் இருக்கிறது. முன்னால் மட்டும் சங்கிலி மாட்டிக்கொண்டு சரிவில் பிரேக் போட்டால், முன்பக்கம் பிடித்து நிற்கும், பின்பக்கம் சுழன்று வந்துவிடும். வண்டி குறுக்கே திரும்பிக் கவிழும் அபாயம் உண்டு. சரிவில் இறங்கும் முன்பே ஃபோர் வீலைப் போட்டுவிடுங்கள், அப்போதுதான் முன் சக்கரமும் சேர்ந்து பிடிக்கும். இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் தனித்தனியாக உள்ள இரண்டு பிரேக் பெடலையும் கொக்கி போட்டு இணைத்துவிடுங்கள். இரண்டு பின் சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டும் டிஃபரன்ஷியல் லாக் நேராகப் போகும்போது மட்டும், வளைவில் வேண்டாம்.

உங்கள் டயர் ஆர்-1, அதாவது உழவுக்கான உயரக் கட்டை டயர் என்றால், ஏணிப்படிபோல் குறுக்குச் சங்கிலி மட்டும் உள்ளதை வாங்காதீர்கள். அந்தக் குறுக்குச் சங்கிலிகள் கட்டைகளின் இடைவெளியில் விழுந்து, இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடும். வலைபோல் வைரக் கட்டமாகப் பின்னியதைக் கேளுங்கள். வாங்கும் முன் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் கையை விட்டு இடத்தை அளந்துகொள்ளுங்கள். மாட்டிய பிறகு சிறிது தூரம் ஓட்டி, நிறுத்தி, மறுபடியும் இறுக்குங்கள். முதல் இறுக்கு எப்போதும் தளரும். தளர்ந்த சங்கிலி மட்கார்டையும் பிரேக் குழாயையும் அறுத்துவிடும்.

கேள்வி: எடை கூடினால் பிடி கூடும் என்று டயருக்குள் தண்ணீர் நிரப்பச் சொல்கிறார்கள். குளிரில் உறைந்துவிடாதா?

பதில்: உறையும். வெறும் தண்ணீர் வேண்டவே வேண்டாம். கால்சியம் குளோரைடு 30 சதவீதம் கலந்த கரைசல் மைனஸ் 40-லும் உறையாது, லிட்டருக்குச் சுமார் 1.3 கிலோ எடையும் கிடைக்கும். ஆனால் டியூப்பில் சின்னக் கசிவு வந்தாலும் ரிம்மைத் தின்றுவிடும். பீட்ரூட் வகைச் சாற்றில் செய்த திரவம் ஏறக்குறைய அதே எடை, துரு அச்சம் இல்லை, விலை கூடுதல். ரேடியேட்டருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் மட்டும் கூடாது. அது இனிக்கும், நாய் நக்கினால் செத்துவிடும். புரொப்பிலீன் கிளைக்கால் பரவாயில்லை.

வால்வை உச்சிக்குக் கொண்டுவந்து, திரவம் வால்வைத் தொடும்வரை ஊற்றினால் கிட்டத்தட்ட முக்கால் பங்கு நிறையும். மீதி காற்றுக்கு. ரேடியல் டயருக்கு இன்னும் குறைவாகப் போதும். ஒன்று சொல்லிவிடுகிறேன்: எடை உங்களை மேட்டில் ஏற்றும், சரிவில் சீக்கிரம் நிறுத்தாது. ஐஸில் இறங்கும்போது கனமான வண்டியும் அதே தூரம்தான் சறுக்கும்.

கேள்வி: டயரில் திருகாணி அடித்தால் சங்கிலி தேவைப்படாதாமே?

பதில்: டயருக்கென்றே விற்கும், நுனியில் டங்ஸ்டன் கார்பைடு வைத்த திருகாணி என்றால் ஐஸில் மிக நன்றாகப் பிடிக்கும். மரவேலைத் திருகாணி சீக்கிரம் தேய்ந்து மொட்டையாகிவிடும். ரப்பருக்குள் இறங்கும் பகுதி கட்டையின் உயரத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே போய் டியூப்பைக் குத்தும். பொதுச் சாலையில் ஏறுவீர்கள் என்றால் முதலில் உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். ஜெர்மனியில் 1975 முதல் ஆணி வைத்த டயருக்குச் சாலையில் தடை இருக்கிறது. காங்கிரீட் முற்றத்தில் ஓட்டினால் கோடு விழும், அதற்கும் தயாராக இருங்கள்.