ஊகித்த பிறகும் பார்க்கலாம்

‘ஷட்டர் ஐலண்ட்’ (2010) படத்தின் முடிவை அரை மணி நேரத்திலேயே ஊகித்துவிட்டதாகவும், மீதிப் படம் சப்பென்று போனதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் முதல்முறை அப்படித்தான். மனநோயாளிகளின் தீவில் துப்பறிய ஒருவன் இறங்கினாலே நம் சந்தேகம் அவன்மேல்தான் விழுகிறது. இந்த வகைக் கதைகளில் அவ்வளவு பழகிவிட்டோம்.

ஆனால் துப்பறிபவனே அங்குள்ள நோயாளி, அவன் கூட்டாளி உண்மையில் அவனுடைய மருத்துவர் என்ற விடை தெரிந்த பிறகு, அந்தக் கூட்டாளியாக வரும் மார்க் ரஃபலோவை மட்டும் கவனித்துப் பாருங்கள். தீவுக்கு வந்ததும் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வார்கள்; அதை இடுப்பிலிருந்து கழற்றத் தெரியாமல் தடுமாறுவார். உண்மையான மார்ஷலுக்கு (அமெரிக்க மத்திய அரசின் காவல் அதிகாரிக்கு) அது கைப்பழக்கம் அல்லவா? விசாரணையில் ஒரு நோயாளி தண்ணீர் குடிப்பார். ஒரு ஷாட்டில் கையில் தம்ளரே இருக்காது, வெறுங்கைதான் வாய்க்குப் போகும். காவலர்கள் ஏன் அத்தனை விறைப்பாக நிற்கிறார்கள் என்பதும் அப்போது புரியும்.

கடைசி வசனத்தை மீண்டும் கேளுங்கள். நாயகன் மீண்டும் பழைய மாயைக்குள் விழுந்துவிட்டானா, விழுந்ததுபோல் நடிக்கிறானா? அதை நீங்கள் ஊகித்திருக்க மாட்டீர்கள்.

உத்தி பழையதுதான். 1920இல் வந்த ஜெர்மானிய மௌனப்படமான ‘டாக்டர் காலிகாரியின் அறை’யிலேயே கதைசொல்லி மனநல விடுதியில் இருப்பவன். அதை நீங்கள் இன்னும் பார்க்கவில்லையென்றால், மன்னிக்கவும், சொல்லிவிட்டேன்.